அரை மைல் தள்ளி நின்றவன்

கேள்வி இதுதான்: 1859இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், அரசின் ஆயுதக்கிடங்கு இருந்த ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற ஊரில் ஜான் பிரவுன் நடத்திய அடிமை ஒழிப்பு எழுச்சியை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பிரவுன் பாத்திரம் நன்றாக வந்துவிட்டது. அவருடைய துணைத்தளபதி மட்டும் எந்த அத்தியாயத்திலும் எழுந்து நிற்கவில்லை, "சரி கேப்டன்" என்று சொல்வதற்கே வந்துபோகிறார். உண்மையில் திறமையான துணைத்தளபதி ஒருவர் இருந்தாரா, அவரை எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருந்தார். பெயர் ஜான் ஹென்றி காகி. இறக்கும்போது வயது 24.

அந்தப் படையில் துணைத்தளபதி என்றதும் பலருக்கும் முதலில் ஆரன் ஸ்டீவன்ஸ்தான் நினைவுக்கு வருவார். ஆறடி உயரம், நல்ல குரல், ராணுவத்தில் குதிரைப்படை வீரராக இருந்தவர், கலகம் செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டுச் சிறையிலிருந்து தப்பியவர். பார்த்த மாத்திரத்தில் நாவல் பாத்திரம். மற்றவர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்ததும் அவர்தான். ஆனால் பிரவுனுக்கு அடுத்த இடத்தில் வைக்கப்பட்டவர் காகி. ஏன் என்று பார்த்தால் உங்கள் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

காகி ஓஹையோ மாநிலத்தில் ஒரு கொல்லரின் மகனாக 1835இல் பிறந்தார். பெரும்பாலும் தானே படித்து முன்னேறியவர். பதின்வயது முடியும் முன்பே வர்ஜீனியாவில் ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியராகப் போனார். அடிமை முறையைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாததால் அங்கிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. இதை விட்டுவிடாதீர்கள். பின்னால் ஆயுதத்தோடு நுழையப்போகிற மாநிலத்துக்கு அவர் முதலில் போனது சிலேட்டும் பலகையுமாக. அப்புறம் நெப்ராஸ்காவில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். சுருக்கெழுத்து கற்றார். கிழக்குப் பகுதிப் பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதினார். 1856இல் கான்சாஸுக்குப் போனார்.

அன்றைய கான்சாஸ் பற்றி ஒரு வரி. புதிதாக உருவாகும் அந்த மாநிலத்தில் அடிமை முறை இருக்கலாமா கூடாதா என்பதைக் குடியேறுபவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று சட்டம் சொன்னது. உடனே இரண்டு தரப்பும் ஆட்களையும் துப்பாக்கிகளையும் கொண்டுவந்து இறக்கின. காகி அங்கே ஸ்டீவன்ஸின் படையில் சேர்ந்து கொஞ்ச காலம் சிறையிலும் இருந்தார்.

அங்கே நடந்த ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். 1857 ஜனவரி, டெகும்சே என்ற சிற்றூர். ரஷ் எல்மோர் என்ற நீதிபதி அடிமை முறையை ஆதரிப்பவர். காகி பத்திரிகையில் எழுதியது அவருக்குப் பிடிக்கவில்லை. நேரில் பார்த்தபோது தங்கப்பூண் போட்ட கைத்தடியால் காகியின் மண்டையில் அடித்தார். விழுந்த காகி ரிவால்வரை எடுத்துச் சுட்டார், குண்டு நீதிபதியின் தொடை இடுக்கில் பாய்ந்தது. நீதிபதியும் திருப்பிச் சுட்டார். மூன்று குண்டுகளில் ஒன்று காகியின் நெஞ்சில், இதயத்துக்கு நேராகப் பட்டது. சட்டைப்பையில் இருந்த குறிப்புப் புத்தகம் அதைத் தடுத்துவிட்டது.

நீங்களே இதைக் கற்பனை செய்து எழுதியிருந்தால் "மலிவான உத்தி" என்று எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் அடித்திருப்பார். நடந்தது என்பதால் தைரியமாக எழுதலாம். ஆனால் அதிர்ஷ்டம் என்று எழுதாதீர்கள். நிருபர் வேலை பார்த்ததால்தான் பையில் குறிப்புப் புத்தகம் இருந்தது, நிருபர் வேலை பார்த்ததால்தான் அடியும் விழுந்தது. அந்த மனிதரின் ஆயுதமும் கவசமும் ஒரே பொருள். வாய்ப்பு கிடைத்தால் அந்தப் புத்தகத்தை நாவல் நெடுக அவர் பையிலேயே வைத்திருப்பேன்.

பிரவுன் கனவு காண்பவர். பழைய ஏற்பாட்டைப் பேசும்போதெல்லாம் மேற்கோள் காட்டுபவர். கடவுளே தன்னைக் கருவியாக்கியிருக்கிறார் என்று நம்பியவர். அவருக்கு வேண்டியிருந்தது இன்னொரு கனவு காண்பவர் அல்ல. கடிதத்துக்கு அன்றே பதில் போடுகிற ஆள், பெட்டி எந்த ஊரில் நிற்கிறது என்று தெரிந்த ஆள், பணம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் தயங்காமல் சொல்கிற ஆள். காகி கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். தலைவர் விதியை நம்புகிறார், துணைத்தளபதி கால அட்டவணையை நம்புகிறார். ஒரே லட்சியத்துக்காக உயிரைக் கொடுக்கத் தயாரான இருவருக்கு இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பது, நாவலாசிரியருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை.

1858 மே மாதம் கனடாவில் சாத்தம் என்ற ஊரில் பிரவுன் ஒரு மாநாடு கூட்டினார். வந்தவர்கள் 46 பேர், அவர்களில் 34 பேர் கறுப்பினத்தவர். விடுவிக்கப்பட்ட மக்களுக்காக மலைகளில் அமையப்போகும் தற்காலிக அரசுக்கு 48 பிரிவுகள் கொண்ட ஓர் அரசியலமைப்புச் சட்டத்தை ஏற்றார்கள். மாநாட்டின் செயலாளர் காகி. 23 வயதில் போர் அமைச்சர் பதவியும் அவருக்கு. இல்லாத அரசுக்கு, இல்லாத படைக்கு அமைச்சர். இந்த இடத்தில் சிரிக்கலாம்தான். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்த பலர் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்கள். சட்டம் என்ற ஒன்றில் தங்கள் பெயர் மனிதராக எழுதப்படுவது அவர்களுக்கு விளையாட்டாக இருந்திருக்காது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த காகிக்கும் அது தெரிந்திருக்கும். மாநாட்டை அவர் பேனாவின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள், மேடையிலிருந்து வேண்டாம்.

திறமையற்ற துணைத்தளபதி எப்படி இருப்பான் என்பதற்கும் இதே கதையில் ஆள் உண்டு: ஹியூ ஃபோர்ப்ஸ் என்ற ஆங்கிலேயர். இத்தாலியில் விடுதலைப் போர்த் தலைவர் கரிபால்டியோடு இருந்தவர் என்று பெயர். மாதம் 100 டாலர் சம்பளம் பேசி பிரவுன் அவரைப் பயிற்சியாளராக வைத்தார். சம்பளம் நின்றதும் அவர் வாஷிங்டன் போய் செனட்டர்களிடம் திட்டத்தைக் கசியவிட்டார். அதனால் எழுச்சி ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போனது. போர்முறை பற்றிப் புத்தகமே எழுதியவர் அவர். காகி புத்தகம் எதுவும் எழுதவில்லை.

1859 கோடைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் உங்கள் நாவலின் முதுகெலும்பு இங்கேதான்.

பிரவுன் "ஐசக் ஸ்மித்" என்ற பெயரில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தள்ளி, மேரிலாந்தில் கென்னடி பண்ணை என்ற வீட்டை வாடகைக்கு எடுத்தார். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அந்தப் பண்ணையின் பரணில் பகலெல்லாம் ஒளிந்திருந்தார்கள். கீழே பிரவுனின் 15 வயது மகள் ஆனியும் மருமகள் மார்த்தாவும் சமையல் செய்துகொண்டு வாசலில் ஒரு கண் வைத்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டக்கார அம்மாள் ஒருவர் நேரம் காலம் இல்லாமல் எட்டிப்பார்ப்பார். அவர் தலை தெரிந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு மேலே ஓட வேண்டும். இதெல்லாம் எல்லோரும் எழுதிய காட்சி, நீங்களும் எழுதுவீர்கள். சரி.

காகி அங்கே இல்லை. அவர் வடக்கே பென்சில்வேனியாவில் சேம்பர்ஸ்பர்க் என்ற ஊரில், மேரி ரிட்னர் என்ற விதவை நடத்திய சாப்பாட்டு விடுதியில் "ஜான் ஹென்றி" என்ற பெயரில் தங்கியிருந்தார். பொய்ப் பெயர்கூட உண்மைப் பெயரின் பாதிதான். பண்ணைக்கு வந்தது எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் வந்தது. ஓஹையோவிலிருந்து இரும்புச் சாமான் என்று எழுதிவந்த பெட்டிகளில் இருந்தவை ஷார்ப்ஸ் துப்பாக்கிகள், மொத்தம் 198. கனெக்டிகட்டில் ஒரு கொல்லுப்பட்டறையில் அடிக்கச் சொன்ன ஈட்டிகள் 950. துப்பாக்கி பிடித்துப் பழக்கமில்லாத, விடுதலையாகி வரப்போகிறவர்களுக்காக அந்த ஈட்டிகள். அவற்றைக் கிடங்கில் இறக்கி, யாருக்கும் சந்தேகம் வராமல் வண்டியில் ஏற்றித் தெற்கே அனுப்ப வேண்டும். வருகிற ஆட்களை ரயிலடியில் பார்த்து இரவில் அனுப்ப வேண்டும். கனடாவிலும் ஓஹையோவிலும் இருப்பவர்களுக்குக் கடிதம் போட வேண்டும். வராதவர்களுக்கு மறுபடி போட வேண்டும்.

அக்டோபர் 10ஆம் தேதி, எழுச்சிக்கு ஆறு நாள் முன்பு, பிரவுனின் மூத்த மகனுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்பது அதன் சாரம். விளைச்சல் நன்றாக இருந்தது, தானியம் வீடு வந்து சேர்ந்துவிட்டது. நிலா சரியாக இருக்கிறது. இந்தப் பருவத்தில்தான் அடிமைகளிடம் மனக்குமுறல் அதிகம். கையில் பணமும் கிட்டத்தட்ட இல்லை, இன்னும் இங்கேயே இருந்தால் வெளியே தெரிந்துவிடும். ஆண்டவன் அழைக்கிறான் என்ற பேச்சு இல்லை. தானியமும் நிலவும்தான் கணக்கு. மலைக்குள் போய்ப் போராடப்போகிற ஒரு படை எதைத் தின்னும், எந்த வெளிச்சத்தில் நடக்கும் என்று யோசித்த ஆளின் கடிதம் அது. ஒரு பாத்திரத்தின் குரல் தேடுகிறவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அதற்கு முன்பே, ஆகஸ்ட்டில் சேம்பர்ஸ்பர்க்குக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரியில் நான்கு பேர் சந்தித்தார்கள். பிரவுன் மீன் பிடிக்க வந்தவர் மாதிரி தூண்டிலோடு இருந்தார். எதிரே ஃபிரெடரிக் டக்ளஸ், அடிமையாகப் பிறந்து தப்பி, நாட்டின் பெரிய பேச்சாளராக வளர்ந்தவர். அவரோடு வந்த ஷீல்ட்ஸ் கிரீன், தெற்கிலிருந்து தப்பியவர். நான்காவது ஆள் காகி. முதலில் பேசிவைத்த திட்டம் மலைகளில் ஒளிந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அடிமைகளை விடுவிப்பது. அதை விட்டுவிட்டு அரசின் ஆயுதக்கிடங்கையே பிடிக்கப்போகிறேன் என்றார் பிரவுன். அது எஃகுப் பொறி, உள்ளே போனால் உயிரோடு வெளியே வர முடியாது என்று டக்ளஸ் மன்றாடினார். பேச்சு முடிந்து கிளம்பும்போது கிரீனை அழைத்தார். நான் கிழவரோடு போகிறேன் என்றார் கிரீன்.

டக்ளஸ் பின்னாளில் இந்தச் சந்திப்பை விரிவாக எழுதினார். அதில் பேசுபவர் டக்ளஸ், பேசுபவர் பிரவுன், கடைசியில் அந்த ஒற்றை வரியோடு கிரீன். காகி கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறார். இது வரலாறு உங்களுக்கு விட்டுவைத்த காலி இடம். அங்கே வசனம் எழுதி நிரப்பத்தான் கை துறுதுறுக்கும். நான் எழுத மாட்டேன். எஃகுப் பொறி என்ற சொல் காதில் விழுந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை மட்டும் கிரீனின் கண் வழியே காட்டுவேன், ஏனென்றால் அன்று முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருந்தவர் கிரீன், முடிவெடுத்து முடித்துவிட்டிருந்தவர் காகி.

இதே திட்டத்துக்காகப் பண்ணையிலும் பெரிய சண்டை நடந்தது. படையில் ஒருவரான சார்லஸ் டிட் கோபித்துக்கொண்டு சில நாள் வேறு இடத்துக்கே போய்விட்டார். பிரவுன் பதவி விலகுகிறேன் என்றார், உடனே அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். காகி அந்தச் சண்டையில் பிரவுன் பக்கம்தான் நின்றார். அவர் எல்லாவற்றையும் முன்பே சந்தேகித்த ஞானி என்று காட்டுவது எழுத்தாளர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அவர் திட்டத்தை நம்பினார், ஒரு நிபந்தனையோடு. உள்ளே போக வேண்டும், எடுக்க வேண்டும், பகல் முற்றுவதற்குள் மலைக்குள் போய்விட வேண்டும்.

அக்டோபர் 16, ஞாயிறு இரவு. பிரவுனோடு சேர்த்து மொத்தம் 22 பேர். மூவரைப் பண்ணையில் காவலுக்கு விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்பினார்கள். முன்னால் போய்ப் பாலத்துக் காவல்காரனைப் பிடித்தவர்கள் காகியும் ஸ்டீவன்ஸும். தந்திக் கம்பிகள் அறுபட்டன. ஆயுதத் தொழிற்சாலையும் கிடங்கும் ஒரு துப்பாக்கிக் குண்டுகூட வெடிக்காமல் கைக்கு வந்தன. காகி ஷெனாண்டோவா நதியோரம், ஊர் மையத்திலிருந்து அரை மைல் தள்ளியிருந்த ஹால் துப்பாக்கித் தொழிற்சாலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரோடு ஓபர்லின் ஊரைச் சேர்ந்த ஜான் கோப்லண்ட், அவருடைய உறவினர் லூயிஸ் லியரி, இருவரும் சுதந்திரமான கறுப்பின இளைஞர்கள்.

இதுவரை எல்லாம் காகியின் அட்டவணைப்படி நடந்தது. அப்புறம்தான் கெட்டது.

நள்ளிரவுக்குப் பிறகு ஒரு பயணிகள் ரயில் வந்தது. நிறுத்தினார்கள். அந்தக் குழப்பத்தில் முதலில் சுடப்பட்டவர் ஹேவர்ட் ஷெப்பர்ட், ரயில் நிலையத்தில் வேலை பார்த்த கறுப்பினத்தவர், அடிமை அல்லர். அடிமைகளை விடுவிக்க வந்தவர்களின் முதல் குண்டு அவர் மேல் பாய்ந்தது. இதை ஓரமாகத் தள்ளிவிடும் நாவலை நான் நம்ப மாட்டேன். விடியற்காலையில் பிரவுன் அந்த ரயிலைப் போகவிட்டார். வழியில் தந்தி இருந்த முதல் நிலையத்திலிருந்து செய்தி ஊரெல்லாம் பறந்தது.

காலையில் காகியிடமிருந்து பிரவுனுக்குச் செய்தி போனது: கிளம்புவோம். மறுபடி போனது: கிளம்புவோம். அதே காலையில் பிரவுன் பக்கத்து ஹோட்டலிலிருந்து பிணைக்கைதிகளுக்கும் ஆட்களுக்கும் சேர்த்து 45 பேருக்குக் காலைச் சாப்பாடு வரவழைத்தார். ஏன் காத்திருந்தார் என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. அடிமைகள் திரண்டு வருவார்கள் என்றா, பிணைக்கைதிகள் இருக்கிறார்கள் என்ற தைரியமா, மனதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டதா? உங்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை. அரை மைல் தள்ளி நிற்கிற காகிக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, செய்தி போயிற்று, பதில் சாதகமாக இல்லை, வெயில் ஏறுகிறது.

உங்கள் நாவலின் மைய அத்தியாயம் அந்தக் காத்திருப்புதான். அதை முழுக்க அந்தத் தொழிற்சாலைக்குள்ளேயே வைத்து எழுதுங்கள். மூன்று பேர், ஜன்னலுக்கு வெளியே ஆறு, எங்கோ கேட்கிற துப்பாக்கிச் சத்தம். பிரவுனைக் காட்டவே காட்டாதீர்கள். நண்பகல் வாக்கில் சார்ல்ஸ் டவுனிலிருந்து வந்த தன்னார்வப் படை பொடோமாக் பாலத்தைப் பிடித்தது. திரும்பும் வழி அதோடு மூடியது. காகிக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் ஊகித்திருக்க வேண்டும். ஊகிக்கக் கூடியவர்.

நீங்கள் கேட்காத, ஆனால் வாசகர் கேட்கப்போகிற கேள்வி: அவர் ஏன் தானாகவே கிளம்பவில்லை? காலையில் வழி திறந்துதான் இருந்தது.

இங்கே எனக்குக் கும்பகர்ணன் நினைவுக்கு வருகிறான். அண்ணனிடம் சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, கேட்கவில்லை என்றதும் போருக்குப் போகிறவன். கம்பனை வாசித்த எவருக்கும் காகியின் நிலை உடனே புரியும். ஆனால் ஒரு வித்தியாசம் பெரியது. கும்பகர்ணனுக்கு அண்ணன் செய்தது தவறு என்று தெரியும், செய்ந்நன்றிக்காகச் சாகிறான். காகிக்கு நோக்கத்தில் துளி சந்தேகமும் இல்லை, நேரம் மட்டும்தான் தவறு. இப்படிச் செய்தால் எல்லோரும் செத்துப்போவீர்கள் என்று ஒரு நண்பர் முன்பே சொன்னபோது, தெரியும், ஆனால் பலன் அந்தப் பலிக்குத் தகும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக அந்த நண்பரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அதனால் அவரைத் தலைவரின் பிடிவாதத்துக்குப் பலியான அப்பாவியாக எழுதினால் பொய்யாகிவிடும். அவருக்குச் சாவில் ஆட்சேபம் இல்லை. வீணாகச் சாவதில்தான் ஆட்சேபம்.

இன்னொன்றும் இருக்கிறது, இது என் ஊகம். தகவல், பொருள், ஆள் எல்லாம் ஒரு மையத்துக்குப் போய் வர வேண்டும் என்ற ஒழுங்கை அந்தக் கோடை முழுக்கக் கட்டியவர் அவரேதான். தன் இடத்தை உத்தரவில்லாமல் விட்டுப்போனால் அந்த ஒழுங்கை முதலில் உடைத்தவர் ஆகிவிடுவார். திறமை சில சமயம் ஆளை இப்படித்தான் கட்டிப்போடும்.

பிற்பகல் மூன்று மணி வாக்கில் தொழிற்சாலையைத் தாக்கினார்கள். பின்பக்கமாக ஓடி ஆற்றில் இறங்கினார்கள். அங்கே ஆழம் குறைவு, பாறைகள் அதிகம். இரண்டு கரையிலிருந்தும் சுட்டார்கள். காகி தண்ணீரிலேயே இறந்தார். லியரி குண்டுக் காயத்தோடு சில மணி நேரம் உயிரோடிருந்து இறந்தார். கோப்லண்டைப் பாறையிலிருந்து பிடித்து இழுத்துவந்த கூட்டம் அங்கேயே தூக்கிலிடப் பார்த்தது. உள்ளூர் மருத்துவர் ஒருவர் தடுத்து நிறுத்தினார். மறுநாள் ராணுவ அதிகாரி ராபர்ட் ஈ. லீ தலைமையில் வந்த மரைன் படை வீரர்கள், பிரவுன் அடைபட்டிருந்த தீயணைப்பு வண்டிக் கொட்டகையின் கதவை உடைத்துப் பிரவுனைப் பிடித்தார்கள். டிசம்பர் 2 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார், 16 அன்று கோப்லண்ட்.

லியரியையும் கோப்லண்டையும் காகியின் மரணக் காட்சிக்குப் பக்கவாத்தியமாக ஆக்கிவிடாதீர்கள். சிறையிலிருந்து கோப்லண்ட் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் கிடைக்கின்றன, படியுங்கள். லியரியின் மனைவி மேரி பிற்பாடு மறுமணம் செய்துகொண்டார், அவருடைய பேரன்தான் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். காகிக்குத் திருமணம் ஆகவில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு ஒரு தகவல் தருகிறேன். பிரவுன் தூக்கில் இறந்ததும் அவர் உடல் ரயிலில் வடக்கே போனது, வழியெல்லாம் கூட்டம் கூடியது. காகியும் சண்டையில் இறந்த இன்னும் சிலரும் இரண்டு மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு ஷெனாண்டோவா கரையில் புதைக்கப்பட்டார்கள். 40 ஆண்டுகள் கழித்து, 1899இல் தோண்டி எடுத்தபோது எந்த எலும்பு யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே சவப்பெட்டியில் வைத்து நியூயார்க் மாநிலத்தில் நார்த் எல்பா என்ற இடத்துக்குக் கொண்டுபோய், பிரவுனின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.